காணிக்கைப் பையோடு நின்ற மாப்பிள்ளை

தொண்ணூறுகளின் கடைசியில் ஓர் ஐப்பசி மாதம். கோவில்பட்டியில் இருந்து கயத்தாறு போகும் வழியில், கரிசல் காட்டுக்கு நடுவே இருக்கும் சின்ன தேவாலயத்தில் எனக்குக் கல்யாணம்.

பெண்ணின் அப்பா விலங்கியல் பேராசிரியர். வெளியூரில் பெரிய ஆராய்ச்சி நிலையத்தில் இருந்தவர், இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்த வேண்டும் என்று கல்லூரிக்கு வந்துவிட்டார். ஞாயிறு காலையில் சபையில் வேதபாடம் எடுப்பார். மாலையில் மோட்டார் சைக்கிளில் ஊர் ஊராகப் போய், பாம்பு கடித்தால் கீறாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள், நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள் என்று சொல்லிக் கொடுப்பார். சுற்றுவட்டாரத்தில் அவருக்குப் பெயர் ‘பாம்பு சார்’. எனக்கோ பாம்பைப் படத்தில் பார்த்தாலே வியர்த்துவிடும். பெண் பார்க்கப் போன இடத்தில் அதையெல்லாமா சொல்ல முடியும்?

கல்யாணத்தன்று மழை விட்டிருந்தது. பெண் இன்னும் வரவில்லை. பீடத்துக்கு முன்னால் சிவப்புக் கம்பளத்தைச் சரிசெய்துகொண்டிருந்தவர் திடீரென்று “பாம்பு, பாம்பு!” என்று அலறினார். அடுத்த நொடி சபையே பெஞ்சு மேல் நின்றது. முதலில் ஏறியது மாப்பிள்ளைதான். போட்டோ இருக்கிறது, மறுக்க முடியாது.

என் தாய்மாமாவும் பெஞ்சு மேல்தான் இருந்தார். தூத்துக்குடியில் கடை வைத்திருப்பவர். அப்பா இல்லாத எனக்கு எல்லாமே அவர்தான்; அவர் வேண்டாம் என்றால் கல்யாணம் இல்லை.

“ஏலே, கட்டுவிரியன்லே! தாலி கட்டுத எடத்துல சர்ப்பம் வந்தா ஆகாது. வண்டிய எடுக்கச் சொல்லு, போவோம்” என்றார்.

எங்கள் ஆட்கள் செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டார்கள். வாசலில் மகளுக்காகக் காத்திருந்த பேராசிரியர் அப்போதுதான் உள்ளே வந்தார். பட்டு வேட்டியை மடித்துக் கட்டினார். சுவரில் சாய்த்து வைத்திருந்த, நீளக் கைப்பிடி போட்ட வெல்வெட் காணிக்கைப் பையை எடுத்தார். குனிந்தார். நிமிர்ந்தபோது ஒரு கையில் பை, இன்னொரு கையில் பாம்பு.

“அண்ணாச்சி, உங்க சந்தேகம் நியாயம். அசல் கட்டுவிரியன் மாதிரியேதான் இருக்கான். எங்க காலேஜ் பிள்ளைகளே ஏமாந்துரும். ஆனா வரியப் பாருங்க. கட்டுவிரியனுக்குக் கழுத்துப் பக்கம் மங்கலா இருக்கும், வால் பக்கம் தெளிவா இருக்கும். இவனுக்கு அப்படியே தலைகீழா இருக்கு. இவன் பேரு வெள்ளிக்கோல் வரையன். வெசம் கெடையாது. கோயில்ல பல்லி சாஸ்தி, அதான் சாப்பிட வந்திருக்கான். நமக்கு மத்தியானம் பந்தி, இவனுக்கு இப்பவே.”

மாமா ஒரு காலைக் கீழே வைத்தார். “சரி, இது பாலு குடிக்குமா?”

“குடிக்காது அண்ணாச்சி.”

“பழி வாங்குமாமே?” என்றது ஒரு பின்பெஞ்சுக் குரல். அதற்கும் பதில் வந்தது. அவ்வளவுதான், வகுப்பு ஆரம்பமாகிவிட்டது. ஒவ்வொருவராக இறங்கி வந்து சுற்றி நின்றார்கள். “நீங்க யாரும் பிடிச்சுப் பாத்துராதீக, வித்தியாசம் தெரிஞ்சாலும் தள்ளி நில்லுங்க” என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போது போதகர் மெல்ல இருமினார். “சார், பொண்ணு கார்லயே உக்காந்திருக்கு.”

பேராசிரியர் பதறிப்போய்ப் பாம்பைப் பைக்குள் விட்டார். கைக்குட்டையால் பையின் வாயைக் கட்டினார். சுற்றும் முற்றும் பார்த்தார். நேற்று வரை உயிரைக் கொடுப்பேன் என்று சொன்ன என் மாப்பிள்ளைத் தோழன் கடைசி வரிசைக்குப் போயிருந்தான்.

“மாப்ள, ஒரு நிமிஷம் பிடிங்க. பொண்ணக் கூட்டிட்டு வந்துருதேன்.”

மாமனார் முதன்முதலாகக் கேட்கிற உதவி. பிடித்துக்கொண்டேன். ஆர்கன் ஒலிக்க, அப்பாவின் கையைப் பிடித்து என் மனைவியாகப் போகிறவள் தேவதை மாதிரி நடந்து வந்தாள். நான் பையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மகளைக் கொண்டுவந்து நிறுத்திய அவர், கண் கலங்கி, பையை மறந்தே போனார்.

போதகர் ஜெபம் முடித்து என் பக்கம் திரும்பினார். பை அசைந்தது.

“சம்மதம்!” என்று கத்திவிட்டேன். அவர் இன்னும் கேள்வியையே கேட்டிருக்கவில்லை.

சபை சிரித்த சிரிப்பில் என் மாமாவின் சிரிப்புதான் உரக்கக் கேட்டது. மணப்பெண் என்னையும் பையையும் பார்த்தாள். எதுவும் கேட்காமல், தூக்குவாளியை வாங்குவது போல வாங்கி அப்பாவிடம் நீட்டினாள்.

பந்திக்கு முன்னால், கழுத்து மாலையோடு நானும் மாமனாரும் காட்டோரம் போய்ப் பாம்பை ஒரு புதருக்குள் விட்டோம். என் புது ஷூ இரண்டும் கரிசல் சேற்றில் மாட்டிக்கொண்டன. வெறுங்காலோடு நின்றபடி, “உங்களுக்குப் பயமே வராதா மாமா?” என்று கேட்டேன்.

“பாம்பைப் பிடிக்கும்போது வரல மாப்ள. உங்க மாமா வண்டிய எடுக்கச் சொன்னாவல்லா, அப்பதான் கை நடுங்கிப் போச்சு. உள்ளுக்குள்ள ஜெபம் பண்ணிக்கிட்டேதான் வரியக் காட்டுனேன்.”

மகளின் கல்யாணமே நின்றுவிடும் என்ற நேரத்திலும், ஆகாது என்று சொன்னவரை மட்டம் தட்டாமல் கேள்வி கேட்கவிட்டுப் பதில் சொன்ன மனிதர் அவர். யாரிடமாவது என் குரல் உயரப் போகும்போதெல்லாம், நடுக்கத்தை மறைத்துக்கொண்டு பொறுமையாக வரியைக் காட்டிய அந்தக் கை என் கண்முன் வந்து நிற்கிறது.