ஒரே பெயரில் இரண்டு கோப்புகள்

ஓய்வு பெற்றபின் நானாக இழுத்துப் போட்டுக்கொண்ட வேலை, கம்பைலருக்கான லைப்ரரிகளை, அதாவது புரோகிராம் எழுதுபவர்கள் எடுத்துச் சேர்த்துக்கொள்ளும் ஆயத்தத் துண்டுகளை, பேக்கேஜாகக் கட்டி இணையத்தில் இலவசமாகப் போடுவது. சம்பளம் கிடையாது. விதிமுறைகள் உண்டு, பெரும்பாலானவை நான் எழுதியவை.

எங்கள் திருவொற்றியூர் வீட்டின் மாடியில் குடியிருப்பவள் நெட்டுக்குப்பத்து மீனவர் வீட்டுப் பெண். எண்ணூர்ப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் லாரிகளுக்கு இடம் ஒதுக்கும் புரோகிராம் அவளுடையது. ஒருநாள் மதியம் லேப்டாப்போடு கீழே வந்து நின்றாள். காலையிலிருந்து இரண்டு லாரிக்கு ஒரே இடத்தின் சீட்டு வருகிறதாம். கிரேன் பெட்டியோடு அந்தரத்தில் நிற்க, கீழே டிரைவர்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டார்களாம்.

"என் கோடுல தப்பு இல்ல நைனா. நாலு மணிக்குள்ள இன்னான்னு சொல்லலைன்னா நாளைக்கு வராதன்னுட்டாரு மேனேஜரு."

புதிதாக எதை ஏற்றினாய் என்று கேட்டேன். நேற்று கம்பைலர் பேக்கேஜை மாற்றினாளாம்.

"யாருது?"

"உங்களுதுதான்."

என் பேக்கேஜில் தவறிருக்க முடியாதென்று விளக்குவதில் ஒரு மணி நேரத்தை வீணாக்கினேன். சோதனைப் பட்டியலில் எல்லா வரியிலும் டிக் இருந்தது. அவள் புரோகிராமை ஓட்டிக் காட்டினாள். ஒரு நேரத்தில் ஒரே வேலை, அதாவது ஒரே திரெட் ஓடினால் சரியாக இருந்தது. எட்டு திரெட்டுகள் சேர்ந்து ஓடியதும், நாலாவது நிமிடத்தில் இரண்டு லாரி, ஒரே இடம். என் சோதனைகள் எல்லாம் ஒற்றைத் திரெட்டில் ஓடியவை.

பேக்கேஜைப் பிரித்தேன். அந்த லைப்ரரியை இரண்டு விதமாகக் கட்டவேண்டும். ஒற்றைத் திரெட்டுக்குப் பூட்டில்லாமல் ஒன்று. பல திரெட்டுகளுக்குப் பூட்டோடு ஒன்று. ஒரு திரெட் எழுதி முடிக்கும்வரை இன்னொன்று அதே இடத்தைத் தொடாமல் தடுப்பது அந்தப் பூட்டு. இரண்டுக்கும் பெயர் ஒன்றே, ஃபோல்டர் வேறு. ஒரே பெயரில் இரண்டு கோப்பு இருந்தால் பெரியதை நீக்கு என்பது விதி. பூட்டுள்ளதுதான் பெரியது; நீக்கியிருந்தேன். பூட்டுள்ளதைக் காணாத கம்பைலர், சத்தமில்லாமல் மற்றதை எடுத்துக்கொண்டிருந்தது.

"இந்த ரூலு யாரு போட்டது?"

"நான்தான். சுத்தமா இருக்கட்டும்னு."

மணி மூன்றரை. மேனேஜருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். பணியில் இருந்தபோது அடுத்தவர் பிழைக்கு மூச்சுவிடாமல் மெமோ எழுதியவன் நான். இப்போது 'நடைமுறையில் நேர்ந்த விலகல்' என்று தொடங்கினேன். அவள் திரையில் விரலை வைத்தாள்.

"தப்புன்னு எழுதுங்க நைனா. டைம் இல்ல."

எழுதினேன். நாலுக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் கடிதம் போனது. பதில் வரும்வரை அவள் உட்காரவில்லை. நாலேகாலுக்கு அழைப்பு வந்தது. மேனேஜர் பழைய லைப்ரரியைத் திருப்பிப் போடச் சொன்னார்; நாளை வேலைக்கு வரச் சொன்னார். என் பேக்கேஜ் எதையும் இனி அங்கே ஏற்றக்கூடாதென்றும் சொன்னாராம்.

"சரின்னுட்டேன்" என்றாள்.

மேல்முறையீட்டுக்கு வழி உண்டா என்று நான் கேட்கவில்லை.