நடுவர் மேவிஸும் புது விதியும்

செஸ்டர்ஃபீல்டில் எங்கள் சங்கத்தில் சொந்தமாக ஒரு ஈயச் சிப்பாய்கூட இல்லாத ஒரே ஆள் மேவிஸ் பாக்ஷாதான். மற்றவர்களிடம் ஆளுக்கு ஐந்நூறு, அறுநூறு இருக்கும். சட்டைப் பித்தான் வரை சாயம் பூசிய அந்தக் குட்டிச் சிப்பாய்களை, சனிக்கிழமை மதியம் தேவாலயக் கூடத்து மேசையில் அடுக்கி, இருநூறு வருடத்துக்கு முந்தைய போர்களை மறுபடி நடத்துவோம். மேவிஸ் எங்கள் நடுவர்.

அவர் வந்ததே கணவரைக் காரில் கொண்டுவந்து விடத்தான். கணவர் இரண்டே வாரத்தில் அலுத்துப்போய் மீன்பிடிக்கப் போய்விட்டார். மேவிஸ் இருபத்தேழு வருடமாக இருக்கிறார். பேருந்து நிலையத்தில் கால அட்டவணை போடும் வேலை பார்த்தவர். எங்கள் விதிநூலின் நூற்று நாற்பது பக்கமும் மனப்பாடம். களைத்த குதிரை எத்தனை அங்குலம் ஓடும் என்று கேட்டால், புத்தகத்தைத் தொடாமலே சொல்வார். பகடையை உருட்டியவர் எண்ணை உரக்கச் சொல்ல வேண்டும் என்பது சமீபத்தில் அவர் போட்ட கண்டிப்பு. அதை நாங்கள் ஒழுங்குக்காக என்றே நினைத்திருந்தோம்.

அவருக்குத் தீராத தலைவலி ட்ரெவர். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். அவர் எதிர்க்காத தீர்ப்பு ஒன்றுகூடக் கிடையாது. குன்றின் சரிவுக்கு அரை அங்குலம் குறைத்ததற்குத் தேநீர் ஆறிப்போகும்வரை மல்லுக்கட்டுவார்.

போன வசந்தத்தில் புது விதி தேட ஆரம்பித்தோம். பழைய விதியில் ஒரு போர் முடிய மூன்று சனிக்கிழமை ஆகும். அதற்குள் யார் ஜெயித்துக்கொண்டிருந்தார்கள் என்பதே மறந்துவிடும். மாற்றியே ஆக வேண்டும் என்று அதிகம் கத்தியவன் நான்தான். சொல்லவே வெட்கமாக இருக்கிறது. படித்துப் பார்த்து விதியைத் தேர்ந்தெடுப்பது எங்கள் வழக்கமில்லை. ஒரே போரை ஒவ்வொரு விதியிலும் ஆடிப் பார்த்துவிட்டுக் கைதூக்குவோம். பழையதே நன்றாகத்தானே இருக்கிறது என்று மேவிஸ் ஒரு தடவை சொன்னார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

முதலில் எடுத்தது சீட்டு விதி. நடுவர் ஒரு சீட்டை உருவிப் படிப்பார். எந்தப் படை நகரலாம் என்று அதில் எழுதியிருக்கும். பிரெஞ்சுப் படை என்னுடையது, பிரிட்டிஷ் படை ட்ரெவருடையது. மேவிஸ் ஒரு சீட்டை எடுத்தார், முகத்துக்குப் பக்கவாட்டில் சாய்த்துப் பார்த்தார், பிரெஞ்சுக் குதிரைப்படை பாயலாம் என்றார். நான் குஷியாகப் பாய்ந்து ட்ரெவரின் இரண்டு பட்டாளத்தைத் துடைத்தெடுத்தேன். ட்ரெவர் கையை நீட்டி அந்தச் சீட்டை வாங்கிப் பார்த்தார்.

"இதுல பிரிட்டிஷ் பீரங்கின்னுல்ல போட்டிருக்கு. படிச்சீங்களா, இல்ல சும்மா அடிச்சு விட்டீங்களா?"

"அடிச்சுதான் விட்டேன்," என்றார் மேவிஸ். "எனக்கு எழுத்து தெரியலப்பா. ரெண்டு வருஷமாச்சு. நடுவுல ஒரே மசமசன்னு இருக்கு, ஓரம் மட்டும்தான் தெரியுது. கண்ணாடியும் பிரயோஜனம் இல்லன்னுட்டாங்க."

இந்த மாதிரி நேரத்தில் எங்கள் ஊர் ஆட்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: செயலாளர் காலின் எழுந்து தேநீருக்கு வெந்நீர் வைக்கப் போனார். மேவிஸ் தன் கைப்பையைத் தேடி எடுத்துக்கொண்டார். பழைய விதி மனதில் இருந்ததால் இத்தனை நாள் சமாளித்தேன், இந்த வயதில் இன்னொரு புத்தகத்தை யார் எனக்குப் படித்துக் காட்டப் போகிறார்கள், வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். அவர் குரல் தழுதழுக்கவில்லை. பழைய விதிக்கே திரும்பிவிடலாம் என்று உளறினேன். எனக்காக எல்லாரும் கொட்டாவி விட வேண்டாம் என்று ஒரே வெட்டாக வெட்டிவிட்டார்.

ட்ரெவர் இதற்குள் விதிநூல் பெட்டியைக் குடைந்துகொண்டிருந்தார். அடியிலிருந்து ஒற்றைத் தாள் ஒன்றை உருவினார். அதுவும் ஒரு விதிதான். அதில் அட்டவணை இல்லை, சீட்டு இல்லை. தளபதிகள் தங்கள் உத்தரவை நடுவர் காதில் சொல்ல வேண்டும். அந்த உத்தரவால் களத்தில் என்ன நடந்தது என்பதை அவர் தன் அனுபவத்தை வைத்துச் சொல்வார். அவர் சொன்னதை யாரும் எதிர்க்கக் கூடாது. அந்தக் கடைசி வரியால்தான், ட்ரெவர் இருக்கிற இடத்தில் இது ஆகாது என்று நாங்கள் அதைச் சீந்தவே இல்லை.

"படை எங்க நிக்குதுன்னு தெரியுமில்ல?" என்று கேட்டார் ட்ரெவர்.

"கும்பலா தெரியும்."

"அது போதும். எது ஓடும், எது ஓடாதுன்னு இருபத்தேழு வருஷமா பாத்துட்டிருக்கீங்க. பைய வச்சுட்டு உக்காருங்க."

"நீ வாய மூடிட்டு இருப்பியா?"

"இருந்துதான் பாக்குறேனே."

அந்த விதியை ஆடிப் பார்க்காமலே அத்தனை பேரும் கைதூக்கினோம். எங்கள் சங்கத்தில் அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை. எனக்கு அப்பாடா என்றிருந்தது. இந்த இரண்டு வருடமும் ஒவ்வொரு சனிக்கிழமையும் இதுதான் கடைசி என்று நினைத்தபடி வீட்டிலிருந்து கிளம்புவேன் என்று மேவிஸ் சொல்லிவிட்டு, இரண்டு பிஸ்கட்டைச் சேர்த்து வாயில் போட்டுக்கொண்டார்.

அடுத்த சனிக்கிழமை அதே போரை ஆடினோம். ட்ரெவர் குனிந்து மேவிஸ் காதில் உத்தரவைச் சொன்னார். மேவிஸ் தலையை ஒருபக்கம் சாய்த்து, மேசையை ஓரக்கண்ணால் நிதானமாகப் பார்த்தார். ராத்திரி பெய்த மழையில் ஓடை சேறாகிவிட்டது, பிரிட்டிஷ் பீரங்கிகள் பாதியில் சிக்கிக்கொண்டன, இன்றைக்கு அவை சுடாது என்றார்.

ட்ரெவரின் முகம் சிவந்தது. வாய் திறந்தது.

"சேறு எவ்வளவு ஆழம்?"

"முழங்கால் வரைக்கும்."

"சரி, மேவிஸ்," என்று சொல்லி, ட்ரெவர் தன் பீரங்கிகளைத் தன் கையாலேயே ஓடைக்கு நடுவில் கொண்டுபோய் வைத்தார்.