ரெண்டு மணி வெங்கடப்பன்

மெஷினில் தனியாக நின்ற முதல் நாளே வெங்கடப்பன் பாதியில் வீட்டுக்குப் போய்விட்டான். கோபித்துக்கொண்டு போகவில்லை, உடம்புக்கு முடியாமலும் போகவில்லை. வேலை முடிந்தது, போனான். அவ்வளவுதான். ஆனால் அந்த அவ்வளவுதானுக்கு அவன் நாலு வருஷம் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று.

நடந்தது எண்பத்தைந்தில். ஓசூர்ப் பேட்டையில் வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் அவனுக்கு வேலை கிடைத்தது. இரும்புத் தகட்டைப் பிடித்து நாலு ஓட்டை போட வேண்டும். ஒரு நாளைக்கு இருநூற்று நாற்பது தகடு. இரண்டு வாரம் முத்துமணி என்கிற கோவில்பட்டிப் பையன் பக்கத்தில் நிறுத்திச் சொல்லிக்கொடுத்தான். பழகுகிறவன் சொல்லிக்கொடுக்கிறவனுக்கு முன்னால் கிளம்பக்கூடாது என்று அந்த இரண்டு வாரமும் வெங்கடப்பன் நாலரை மணி வரை மரியாதைக்கு நின்றான். மூன்றாம் வாரம் தனி மெஷின் வந்தது. ஒன்றே முக்காலுக்கு இருநூற்று நாற்பதும் முடிந்தது. மெஷினைத் துடைத்தான், கையைக் கழுவினான், தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டினான்.

வாசலில் காவலர் ராமப்பன், உடம்புக்கு முடியவில்லையா என்று கன்னடத்தில் கேட்டார். "வேலை முடிஞ்சிருச்சுண்ணா" என்று தமிழில் சொல்லிவிட்டு இவன் வெளியே வந்துவிட்டான். ராமப்பனுக்கு எதுவோ சரியில்லை என்று பட்டதே தவிர, சிரித்துக்கொண்டு போகிறவனை எதைச் சொல்லி நிறுத்துவது என்று தெரியவில்லை.

வெங்கடப்பனைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அவன் அப்பன், பாட்டன் எல்லாரும் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர்கள். இந்தக் காடு முழுக்கத் தக்காளி நாற்று நடு, இவ்வளவு கூலி என்று பேசிக்கொண்டால் நட்டு முடிந்ததும் வீடு. வெயில் ஏறுவதற்குள் முடிக்கிறவன் கெட்டிக்காரன். பொழுது சாய்ந்த பிறகும் குனிந்துகொண்டிருப்பவனை ஊர் கேலி செய்யும். இந்தக் கணக்கோடு வளர்ந்தவனிடம் இருநூற்று நாற்பது என்று சொன்னால் அவன் வேறு எப்படிப் புரிந்துகொள்வான்?

இரண்டு மணி சுமாருக்கு வீட்டுக்கு வந்தவனைப் பார்த்து அவன் மனைவி நஞ்சம்மாவுக்குப் பகீரென்றது.

"ஏங்க, வேலையை விட்டு அனுப்பிட்டாங்களா?"

"இல்ல புள்ள, முடிச்சிட்டேன்."

கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் இருவரும் பகலில் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டது அதுதான் முதல் தடவை. கேழ்வரகுக் களியும் மொச்சைக் குழம்பும். சாப்பிட்டுவிட்டு வீட்டு நிழலில் சாய்ந்தார்கள். அப்போதுதான் வெங்கடப்பன் ஓர் அதிசயத்தைக் கண்டான். நஞ்சம்மா பேசினாள். விடிகாலையில் தண்ணீர், சாயங்காலம் அடுப்பு, அதற்கு அப்புறம் தூக்கம் என்று ஊமைபோல் இருந்தவளுக்கு இவ்வளவு பேச்சு எங்கிருந்து வந்தது என்றே அவனுக்குத் தெரியவில்லை. சின்ன வயசில் அவள் தங்கை சென்னம்மா ராயக்கோட்டைச் சந்தையில் தொலைந்துபோன கதையைச் சொன்னாள். அவள் அப்பா மாட்டுச்சந்தைக்கும் மிளகாய்ச் சந்தைக்குமாக ஓடினாராம், அம்மா தலைவிரிகோலமாக அழுதாளாம். கதை சூடுபிடிக்கிற இடத்தில் குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடியவள், "அப்புறம் சொல்றேன்" என்றாள்.

அந்த அப்புறம் வரவே இல்லை. மறுநாள் காலையில் வெங்கடப்பனை மேனேஜர் அறைக்குக் கூப்பிட்டார்கள்.

"யாரைக் கேட்டுப் போனே?"

"வேலை முடிஞ்சிருச்சுங்க சார்."

"முடிஞ்சாலும் போகக்கூடாது. நாலரை வரைக்கும் இருக்கணும்."

"இருந்து என்னாங்க பண்றது? சானமாவுக் காட்டு யானையே வயிறு ரொம்புனா ராகிக் கொல்லைய விட்டுப் போயிருதுங்களே சார்."

மேனேஜர் பல்லைக் கடித்தார். "நானே ராத்திரி ஒன்பது மணி வரைக்கும் இங்க உக்காந்திருக்கேன், தெரியுமா?"

வெங்கடப்பனுக்கு உண்மையிலேயே இரக்கம் வந்துவிட்டது. "அவ்வளவு வேலைங்களா சார்? இல்ல, பழக இன்னும் நாளாகுங்களா?"

மேனேஜர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். சிரிப்பா, ஆத்திரமா என்று பக்கத்தில் நின்ற சூப்பர்வைசருக்கே பிடிபடவில்லை. ஒரு மெமோவோடு விட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து அவனுக்குப் பேர் 'ரெண்டு மணி வெங்கடப்பன்'.

முத்துமணிதான் அவனுக்கு விளக்கிச் சொன்னான். "அண்ணாச்சி, நாம வித்தது வேலையில்ல, எட்டு மணி நேரம். அதுக்குள்ள என்ன செய்யணும்னு அவங்கதான் சொல்லணும்."

"அப்ப நான் சீக்கிரம் முடிச்சு மிச்சம் புடிச்ச நேரம் யாருது?"

முத்துமணி தலையைச் சொறிந்தான். அவனுக்குத் தெரியவில்லை. யூனியன்காரருக்கும் தெரியவில்லை. டீக்கடையில் கேட்டான், பஸ் கண்டக்டரிடம் கேட்டான், ஒருவரும் நேராகப் பதில் சொல்லவில்லை. வெங்கடப்பனுக்கு யாரோடும் சண்டை இல்லை. காதுக்குள் பூச்சி புகுந்தவன் மாதிரி அந்தக் கேள்வி அவனைக் குடைந்தது, அவ்வளவுதான். நாலு வருஷமும் இரண்டு மணிக்கு முடித்துவிட்டு, துடைத்த மெஷினையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டு, நாலரை வரை நின்றான். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் நஞ்சம்மா புகைக்குள் இருப்பாள். "அந்தச் சந்தைக் கதை என்னாச்சு?" என்று கேட்பான். "அதெல்லாம் உக்காந்தாத்தான் வாயில வரும்" என்பாள். ஞாயிற்றுக்கிழமை உட்காரலாம் என்றால் அன்றைக்குத்தான் துணி மூட்டையும் சந்தையும் விருந்தாளியும்.

முத்துமணி இவனுக்கு நேர் எதிர். ஓவர்டைம் என்று ஒரு சொல் காதில் விழுந்தால் போதும், கை தானாக உயரும். ஊரில் இரண்டு தங்கைகளைக் கரையேற்ற வேண்டும். மூத்தவள் கல்யாணத்துக்கே மூன்று நாள் லீவு கிடைக்காமல் தாலி கட்டும் நேரத்துக்கு பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடியவன் அவன். ஒரு தடவை டெலிவிஷன் பெட்டி வாங்கினான். ஞாயிற்றுக்கிழமை படம் பார்க்க வெங்கடப்பனைக் கூப்பிட்டான். எழுத்து ஓடி முடிவதற்குள் பெட்டிக்குச் சொந்தக்காரன் குறட்டை விட்டான். பக்கத்து அறைப் பையன்களும் வெங்கடப்பனும் படத்தைக் கடைசி வரை பார்த்துவிட்டு, பெட்டியை அணைத்து, அவனுக்குப் போர்த்திவிட்டு வந்தார்கள். இவன் சம்பாதிக்கிறான், எப்போது அனுபவிப்பான் என்று வெங்கடப்பனுக்கு ஆச்சரியம். ஆனால் கேலியாகக் கேட்க மனசு வரவில்லை. கரையேற்றத் தங்கைகள் இருந்திருந்தால் வெங்கடப்பனும் கை தூக்கியிருப்பான்.

பதினாறு மணி நேரம் நின்ற உடம்பு சும்மா விடுமா? முத்துமணிக்கு வலது தோள்பட்டை பிடித்துக்கொண்டது. ஒருகாலத்தில் மூன்று மணிக்கு முடித்தவன், இப்போது நாலரைக்கு முக்கி முனகி இருநூற்று நாற்பதைத் தொட்டான்.

அந்தச் சமயத்தில்தான் சென்னகிருஷ்ணன் வந்தார். சின்ன வயசு, படித்தவர், கழுத்தில் ஸ்டாப் வாட்ச். ஒரு தகட்டுக்கு எத்தனை விநாடி என்று அளந்து புது டார்கெட் எழுதத் தலைமை அலுவலகம் அனுப்பியிருந்தது. நல்ல வேலைக்காரன் ஒருவனை வைத்து அளக்க வேண்டும். விசாரிக்க அவசியமே இல்லை, எல்லா விரலும் வெங்கடப்பனைக் காட்டின.

சென்னகிருஷ்ணன் அவனைத் தனியாக அழைத்துப் பேசினார். "உன் கதையெல்லாம் கேட்டேன். வியாழக்கிழமை உன் நிஜமான வேகத்தைக் காட்டு. அன்னையிலிருந்தே உனக்கு மட்டும் இருநூத்தி நாப்பது முடிஞ்சதும் வீட்டுக்குப் போகலாம்னு மேனேஜர் கையெழுத்தோட வாங்கித் தரேன்."

"நெசமாவா சார்? தினமுமா?"

"தினமும்."

"மத்தவங்களுக்கு எவ்வளவு சார்?"

"முந்நூத்தி இருபது வரும்."

"முடியாதவங்க?"

அவர் வாட்சின் கயிற்றைச் சரிசெய்தார். "மூணு மாசம் பாப்பாங்க. அப்புறம் அவங்க வேற எடம் பாத்துக்க வேண்டியதுதான்."

வியாழக்கிழமையிலிருந்து இரண்டு மணிக்கே வந்துவிடுவேன் என்று அன்றைக்குச் சாயங்காலம் முதல் பாதியை மட்டும் நஞ்சம்மாவிடம் சொன்னான். ஊதுகுழலை வைத்துவிட்டு அவள் அப்படிச் சிரித்தாள். "அப்ப சென்னம்மாவைச் சந்தையிலிருந்து மீட்டுரலாம்." பாவம், அவள் தங்கை நாலு வருஷமாகத் தொலைந்தபடியே இருந்தாள். இரண்டாம் பாதியைச் சொல்ல வெங்கடப்பனுக்கு நாக்கு எழவில்லை.

மறுநாள் பட்டறை முழுக்க விஷயம் பரவிவிட்டது. ஒருவரும் அவனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. முத்துமணி சாப்பாட்டு நேரத்தில் இடக் கையால் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்தபடி, "ஒங்க இஷ்டம் அண்ணாச்சி. நாலு வருசமா கேட்டுக்கிட்டிருக்கீக, கெடைக்கும்போது விடக்கூடாது" என்றான். மனசாரத்தான் சொன்னான். அதைக் கேட்ட பிறகு வெங்கடப்பனுக்குச் சோறு இறங்கவில்லை.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு சென்னகிருஷ்ணன் மெஷின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். வெங்கடப்பன் முதல் தகட்டை எடுத்தான். மெதுவாக வேலை செய்வது அவ்வளவு கஷ்டம் என்று அவனுக்கு அன்றைக்கு வரை தெரியாது. கை முன்னால் ஓடியது, மாட்டைப் பிடித்து நிறுத்துவதுபோல் நிறுத்தினான். ஒவ்வொரு தகட்டையும் முன்னும் பின்னும் திருப்பி, கத்தரிக்காய்க்குச் சொத்தை பார்க்கிற மாதிரி பார்த்தான். எண்ணெய் விட்டான். விட்ட எண்ணெயைத் துடைத்தான். முதுகில் வேர்வை வழிந்தது. பதினோரு மணிக்கு ஒரு தடவை கை அவனை ஏமாற்றி மூன்று தகடுகளை விறுவிறுவென்று போட்டுவிட்டது. சென்னகிருஷ்ணன் நிமிர்ந்து பார்த்தார். வெங்கடப்பன் உடனே மூக்குச் சிந்தக் கிளம்பினான்.

இரண்டு மணிக்கு அவன் கடிகாரத்தைப் பார்த்தான். நஞ்சம்மா இந்நேரம் களியைக் கிண்டி வைத்துவிட்டு வழியைப் பார்த்துக்கொண்டிருப்பாள் என்று தோன்றியது. அடுத்த தகட்டை எடுத்து முன்னும் பின்னும் திருப்பினான்.

நாலு இருபத்தைந்துக்கு இருநூற்று நாற்பது முடிந்தது.

"உன் கைக்கு என்ன ஆச்சு?" என்றார் சென்னகிருஷ்ணன்.

"வயசாயிருச்சுங்க சார்."

"எப்பத்திலிருந்து?"

"நேத்துலருந்துதாங்க."

அவர் முத்துமணியின் மெஷின் பக்கம் பார்த்தார். தோளைத் தேய்த்துக்கொண்டு அவன் கடைசித் தகட்டைப் போட்டுக்கொண்டிருந்தான்.

"வெங்கடப்பா, இதை எழுதிட்டா இதுதான் உன் வேகம். இனிமே ஒருநாளும் நீ ரெண்டு மணிக்கு முடிக்கக்கூடாது. தெரியுதில்ல?"

"தெரியுங்க சார்."

"அப்புறம் ஏன்?"

"மிச்ச நேரம் யாருதுன்னு ஊரெல்லாம் கேட்டேன் சார். யாருதோ தெரியாது. ஆனா அவன் தோளுல இருந்து புடுங்கறது என்னுது ஆவாதுங்க."

சென்னகிருஷ்ணன் நோட்டில் இருநூற்று நாற்பது என்று எழுதி மூடினார். டார்கெட் அப்படியே நின்றது.

அன்றைக்கு ஓவர்டைமுக்குப் பேர் கேட்டபோது முத்துமணி கை தூக்கவில்லை. சூப்பர்வைசர் இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்தார். அவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வெங்கடப்பனோடு நடந்து வந்தான். இவ்வளவு வெளிச்சத்தில் இந்த ரோட்டைப் பார்த்து எத்தனை நாளாகிறது என்று வழியில் முத்துமணி சொன்னான்.

வாசலிலேயே நின்றாள் நஞ்சம்மா. அடுப்பின் மேல் மத்தியானத்துக் களி ஆறிக் கிடந்தது.

"ரெண்டு மணிக்குன்னீங்களே?"

வெங்கடப்பன் இரண்டாம் பாதியைச் சொன்னான். அவள் முகம் சுண்டிப்போனது. நாலு வருஷம் காத்திருந்தது அவன் மட்டுமில்லையே. முத்துமணியின் தோளைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். பிறகு குடத்தை ஓரமாக வைத்துவிட்டுப் பாயை எடுத்து வாசலில் போட்டாள்.

"உக்காருங்க. நீயும் உக்காரு தம்பி."

"அடுப்பு?" என்றான் வெங்கடப்பன்.

"கெடக்குது. ஒருநாள் ஆறுனதைத் தின்னா செத்தா போயிருவோம்?"

உட்கார்ந்ததும் அவளுக்கு வாயில் வந்துவிட்டது. அப்பா ஓடினார், அம்மா அழுதாள், சந்தையே கலைகிற நேரமாகிவிட்டது. சென்னம்மா கிடைத்தாள், சாணை பிடிக்கிறவன் பக்கத்தில். காலையிலிருந்து அந்தக் கல்லில் பொறி பறப்பதை வேடிக்கை பார்த்தபடி உட்கார்ந்திருந்தாளாம். "அப்பா கையை ஓங்கிக்கிட்டுப் போனாரு. அது என்னா சொல்லுச்சு தெரியுமா? நான் எங்கயும் போவலியே, இங்கயேதான் இருந்தேன், நீங்கதான் ஓடிக்கிட்டே இருந்தீங்க அப்படின்னுச்சு."

வெங்கடப்பன் சிரிக்க ஆரம்பித்தான். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தான். முத்துமணி சுவரில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தான். வழக்கம்போல் தூங்கிவிட்டான் என்று நஞ்சம்மா போர்வை எடுக்க எழுந்தாள்.

"பொறவு?" என்றான் முத்துமணி, கண்ணைத் திறக்காமலே. "பொறவு என்னாச்சு மதினி?"