பொறாமை அடைத்த குரலை முருகன் திறந்தான்

முருகன் அடியார்களே, நோய் தீர்ந்த கதையும் வேலை கிடைத்த கதையும் நிறையக் கேட்டிருப்பீர்கள். என்னுடையது கொஞ்சம் வெட்கக்கேடான கதை. எனக்கு வந்தது பொறாமை. மூன்று மாதம் அதோடு தூங்கி, அதோடு எழுந்தேன்.

என் பெயர் உமா. மும்பை மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவள், இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை. பதினெட்டு வருடமாக ஒரே டீச்சரிடம் கர்நாடக சங்கீதம் கற்கிறேன். சென்ற தை மாதம் செம்பூரில், உயர்நிலை சங்கீத மாணவர்களுக்கான மண்டலப் பாட்டுப் போட்டி நடந்தது. முதல் பரிசு பெறுகிறவர் சென்னையில் ஒரு முழுக் கச்சேரி பாடலாம். வயது வரம்பு முப்பது. எனக்கு அப்போது இருபத்தொன்பது முடிந்து பத்து மாதம். இதை விட்டால் வேறு வாய்ப்பு இல்லை.

எங்கள் வகுப்பிலிருந்து போனது நானும் செல்வியும். செல்வி தாராவிப் பெண், வயது இருபத்திரண்டு. அவள் அப்பா தோல் பை தைக்கும் பட்டறையில் வேலை செய்கிறார். வகுப்புக்கு வந்து நான்கே வருடம். தமிழ் படிக்கத் தடுமாறுவாள், பாட்டை ஹிந்தி எழுத்தில் எழுதிவைத்துப் பாடுவாள். அதைப் பார்த்து உள்ளுக்குள் சிரித்திருக்கிறேன். அவள் வாயைத் திறந்தால் அந்தச் சிரிப்பு நின்றுவிடும்.

நான் வருடக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்த தோடி ராகத்தை டீச்சர் போட்டிக்காக அவளுக்குக் கொடுத்தார். "உமா, உனக்குக் கல்யாணி போறும். தோடி அவளுக்குத்தான் நன்னா உக்காறது" என்றார். வயிறு எரிந்தது. அன்றிலிருந்து மேல் ஷட்ஜத்தை, அந்த உச்ச 'ஸ'வைத் தொடும் இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு ஒன்றுமே இல்லை என்றார். என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியும்.

செவ்வாய்தோறும் செம்பூர் முருகன் கோயிலுக்குப் போனேன். என் குரலைக் கொடு என்று கேட்டிருக்கலாம். அவள் தொண்டையும் கட்டிக்கொள்ளட்டும் என்று கேட்டேன். நெய் விளக்கு ஏற்றிவைத்துக் கேட்டேன்.

போட்டி நாள் வந்தது. எங்கள் வகுப்பு வழக்கப்படி ஒருவர் பாடும்போது மற்றவர் பின்னால் உட்கார்ந்து தம்புரா போட வேண்டும். மின்சாரச் சுருதிப்பெட்டியை டீச்சர் மேடையேற்ற விடமாட்டார். சீட்டு எடுத்ததில் செல்வி முதலில், நான் அடுத்து. பக்கத்து அறையில் தம்புராவை அவளுடைய சுருதிக்குச் சேர்த்தேன். சுத்தமாகச் சேர்ந்தது. அவள் தண்ணீர் குடிக்கப் போனாள். அப்போது என் விரல் பஞ்சமத் தந்தியில் சுருதியை நுணுக்கமாகச் சரிசெய்யக் கோத்திருக்கும் மணியை நூலளவு நகர்த்தியது. விரல்மேல் பழி போடுவானேன், நான்தான் நகர்த்தினேன். கேட்கிறவர்களுக்குச் சட்டென்று தெரியாது. பாடுகிறவளைத் தடுமாற வைக்கும்.

மேடையேறி மீட்டினேன். செல்வி கண்ணை மூடி இரண்டு நொடி கேட்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, சுருதி லேசா கலைஞ்சிருக்கு. ஏசி காத்தா இருக்கும். நீங்களே சேத்துத் தாங்கக்கா. உங்க காது மாதிரி எனக்கு வராது."

நடுவர்கள் காத்திருந்தார்கள். ஒன்றும் கலையவில்லை, பாடு என்று சொல்லியிருந்தால் பாடியிருப்பாள். முருகா, இந்தப் பொறாமைச் சனியனை என்னிடமிருந்து எடு என்று மனதுக்குள் சொன்னேன். மூன்று மாதத்தில் நான் செய்த ஒழுங்கான பிரார்த்தனை அது ஒன்றுதான். மணியை மறுபடி நகர்த்திச் சுருதி சேர்த்தேன்.

அவள் தோடி பாடினாள். நான்கு வருடத்தில் அவள் பாட்டை அன்றுதான் கேட்டேன். அதுவரை குற்றம் தேடிக்கொண்டிருந்தேன். அழுதேன். தம்புராவை விட்டுக் கண்ணைத் துடைக்க முடியவில்லை.

அடுத்து நான். செல்வி தம்புராவை என் சுருதிக்கு மாற்றிச் சேர்த்துப் பின்னால் உட்கார்ந்தாள். பயந்துகொண்டேதான் மேலே போனேன். மேல் ஷட்ஜம் எந்தத் தடையும் இல்லாமல் வந்து நின்றது.

முதல் பரிசு அவளுக்கு. எனக்கு ஆறுதல் பரிசு. வயிறு எரியவே இல்லை என்றால் பொய், கொஞ்சம் எரிந்தது. ஆனால் சோறு இறங்கியது. ஸ்டேஷன் பக்கத்து ஓட்டலில் சாப்பிடும்போது அவளிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன்.

"தெரியும்க்கா. ஏசின்னா நாலு தந்தியும்லா கலையும். ஒண்ணு மட்டுமா கலையும்?"

"தெரிஞ்சும் ஏன் என்கிட்டயே சேக்கச் சொன்னே?"

"நானே சேத்திருந்தா அப்புறம் நீங்க என் மூஞ்சியிலயே முழிக்க மாட்டீங்க. நீங்க என்ட்ட நல்லபடியா பேசணும்னு எங்க தெரு மாரியாத்தாட்ட தெனமும் வேண்டிட்டுதான்க்கா க்ளாஸுக்கு வருவேன்."

அவள் கெட்டுப்போகட்டும் என்று நான் வேண்டிக்கொண்ட அதே மூன்று மாதமும் அவள் எனக்காக வேண்டியிருக்கிறாள். அவள் மாரியாத்தாளிடம் சொல்ல, அந்தத் தாய் தன் மகன் முருகனிடம் சொல்லியிருப்பாள். என் நெய் விளக்கு வேண்டுதலை முருகன் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. அவனுக்கு என் முதல் நன்றி அதற்குத்தான்.

யார்மேலாவது உங்களுக்கு வயிறு எரிந்தால் அதை மூடி மறைக்காதீர்கள். அவன் சன்னதியில் போய் அப்படியே கொட்டிவிடுங்கள். எதைத் தள்ள வேண்டும், எதைக் கொடுக்க வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். பங்குனியில் செல்வி சென்னையில் பாடினாள். பின்னால் உட்கார்ந்து தம்புரா போட்டது நான். நாலு தந்தியும் சேர்ந்திருந்தன.