ராஜகிரி உச்சியில் வெள்ளரிக்காய் சாண்ட்விச்

கோடையில் செஞ்சிக் கோட்டைக்குப் போகலாமா என்று இரண்டு வாசகர்கள் கேட்டிருக்கிறார்கள். போகலாம். நான் போனதே மே மாதத்தில்தான், அதுவும் கத்திரி வெயிலில். எண்பதுகளின் நடுவில் நானும் என் கணவரும் மட்டும் போன இரண்டு நாள் பயணம் அது. அன்றைய பேருந்துக் கட்டணமும் லாட்ஜ் வாடகையும் இன்று உங்களுக்கு உதவாது. ஆனால் பாறையும் வெயிலும் மாறவில்லை. ஆகவே எழுதுகிறேன்.

சுற்றிப் பார்க்க மட்டும் நாங்கள் போகவில்லை. என் கணவர் வங்கியில் வேலை பார்த்தார். வெகுகாலம் காத்திருந்த மேனேஜர் பதவி அவருக்கு வந்தது. கூடவே செஞ்சிக் கிளைக்கு மாற்றலும் வந்தது. திங்கட்கிழமைக்குள் சம்மதம் சொல்ல வேண்டும். இல்லையென்றால் அடுத்தவருக்குப் போய்விடும். சென்னையில் பிறந்து, கான்வென்டில் படித்து, வீட்டில் எல்லாவற்றுக்கும் ஒரு நேரமும் ஒழுங்கும் வைத்திருந்தவள் நான். கோட்டையைப் பார்க்கப் போகலாம், அதன் அடிவாரத்தில் குடித்தனம் நடத்த முடியாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டேன்.

"ரெண்டு நாள் வந்து பாரு. அப்புறமும் வேண்டாம்னு நீ சொன்னா, நானும் வேண்டாம்னு எழுதிடறேன். அதைப் பத்தி மறுபடி பேசவே மாட்டேன்" என்றார். பேசவே மாட்டார் என்று எனக்கும் தெரியும். அதுதான் சங்கடம்.

சனிக்கிழமை காலை பாரிமுனையிலிருந்து திருவண்ணாமலைப் பேருந்தில் ஏறினோம். திண்டிவனம் வழியாகச் சுமார் நூற்றைம்பது கிலோமீட்டர், நான்கரை மணி நேரம். திண்டிவனம் தாண்டியதும் யாரோ கூடை கூடையாகக் கொட்டிவிட்டுப் போனதுபோல் இரண்டு பக்கமும் பாறைக் குன்றுகள். இடது பக்க ஜன்னலோரம் உட்காராதீர்கள், முழங்கை வெந்துவிடும்.

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு லாட்ஜில் அறை எடுத்தோம். நான் குழாயைத் திறந்து பார்த்தேன். காற்று வந்தது. "ஒரு காலத்துல இது தலைநகரம், தெரியுமா? நாயக்கருங்க இங்கேருந்துதான் ஆண்டாங்க" என்றார் என் கணவர். "இருக்கட்டும். இப்போ தண்ணி எத்தனை மணிக்கு வரும்?" என்று கேட்டேன். அவர் வாளியைத் தூக்கிக்கொண்டு கீழே போனார்.

அன்று மாலை காதர் பாய் என்பவரின் குதிரை வண்டியில் அடிவாரத்தைப் பார்த்தோம். ஊரிலிருந்து மேற்கே இரண்டரை கிலோமீட்டர். கல்யாண மகால், நெற்களஞ்சியம், யானைக்குளம், பழைய பள்ளிவாசல் எல்லாவற்றையும் நிதானமாகப் பார்க்க இரண்டு மணி நேரம் வேண்டும். திரும்பும் வழியில் மாற்றல் விஷயம் வந்தது. மூன்றாம் மனிதர் முன்னால் தமிழில் வாக்குவாதம் செய்வது எங்கள் வழக்கம் இல்லை, ஆங்கிலத்தில் செய்தோம். பஜார் வரும்வரை பேசாமல் வந்த பாய், கடைசியில் குதிரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "எனக்கு இங்கிலீசு தெரியாதும்மா. ஆனா சார் தோத்துட்டாருன்னு மட்டும் தெரியுது."

ஞாயிற்றுக்கிழமை ராஜகிரி, கோட்டையின் மூன்று மலைகளில் உயரமானது. எண்ணூறு அடி உயரம், ஏற ஒன்றரை மணி நேரம். கோடையில் காலை ஆறு மணிக்கு முதல் படியில் கால் வைத்துவிட வேண்டும். நான் ஐந்து மணிக்கே எழுந்து, முந்தின மாலை பஜாரில் வாங்கி ஓரம் நீக்கிய ரொட்டியில் வெண்ணெய் தடவி, வெள்ளரிக்காயைத் தாள்போல் நறுக்கி, உப்பும் மிளகும் தூவி சாண்ட்விச் செய்து டிபன் கேரியரில் அடுக்கிக்கொண்டேன். வெயிலுக்கு அதைவிடச் சிறந்த உணவு கிடையாது. இன்றும் அதையேதான் சொல்வேன்.

அடிவாரத்தில் ஒரு பெண் எங்களுக்காகவே காத்திருந்ததுபோல் எழுந்து வந்தாள். கையில் இன்னொரு டிபன் கேரியர். "மேல காவலுக்கு இருக்காரே முனுசாமி, அவரு எங்க வூட்டுக்காரரு. சாய்ந்தரந்தான் எறங்குவாரு. இத குடுத்துடுங்கம்மா." முன்பின் தெரியாதவர்களிடமா என்று கேட்டேன். முதலில் ஏறுகிறவர்கள் சாப்பாட்டைக் கொண்டுபோவதுதான் அங்கே வழக்கமாம். "வெள்ளைக்காரங்ககூட எடுத்துனு போவாங்க" என்றாள். பிறகு, "நீங்கதான் பேங்குக்கு வரப்போறவங்களா?" என்று கேட்டாள். எங்களை வண்டியில் கொண்டுவந்து விட்ட காதர் பாய் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு கேரியரையும் என் கணவரே தூக்கினார். பாதி வழியில் கமலக்கண்ணி அம்மன் கோயில் இருக்கிறது. நிழல் உள்ள இடம், கட்டாயம் பத்து நிமிடம் உட்காருங்கள். அங்கே அவர் கை வலிக்கிறது என்றார். நம்முடையதைப் பூசாரியிடம் வைத்துவிடுங்கள், இறங்கும்போது சாப்பிடலாம் என்றேன். வைத்தார். மேலே போகப்போகப் படி செங்குத்தாகிறது. உச்சிக்குச் சற்று முன்னால் ஒரு பெரிய பிளவு, அதன்மேல் ஒரு சின்னப் பாலம். அதைத் தாண்டியதும் அடிக்கிற காற்றுக்காகவே ஏறலாம்.

முனுசாமி ஐம்பது வயதுக்காரர், நல்ல உயரம். கேரியரை வாங்கி, நன்றி சொல்லி, மேல் அடுக்கைத் திறந்தார். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். இரண்டாவது அடுக்கையும் திறந்தார்.

"இன்னாம்மா இது? பச்சையா வெள்ளரிக்கா வெச்சிக்கிறா. வூட்ல எதுனா சண்டையா?"

என் கணவரைத் திரும்பிப் பார்த்தேன். "கனமா இருந்ததை வெச்சுட்டு வந்தேன். உன் சமையல்தானே கனமா இருக்கும்னு நினைச்சேன்" என்றார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடம் என் கையால் சாப்பிட்டவர் பேசுகிற பேச்சா இது?

கோயிலில் விட்ட கேரியரை எடுத்துவர அவர் உடனே திரும்பி இறங்கினார். முனுசாமி எவ்வளவோ தடுத்தும் கேட்கவில்லை. நான் ரங்கநாதர் கோயில் நிழலில் உட்கார்ந்தேன். முனுசாமி மரியாதைக்கு நான்கு சாண்ட்விச் சாப்பிட்டார். பிறகு மெதுவாக, "இது ஒடம்பு சரியில்லாதவங்களுக்குக் குடுக்கறதாம்மா?" என்று கேட்டார்.

விளக்கினேன். தலையாட்டினார். நம்பவில்லை.

அங்கிருந்து கீழே பார்த்தால் மூன்று மலையையும் சேர்த்துப் பிடித்திருக்கும் மதில், அதற்கப்பால் வயல், ஏரி, ஊர். "அதோ ஓட்டுக் கட்டடம், அதான் உங்க பேங்கு. பின்னால கெணறு இருக்குது, நல்ல தண்ணி. லாட்ஜ் கொழாய வெச்சி ஊர எடை போடாதீங்க" என்றார். லாட்ஜ் குழாய் வரைக்கும் தெரிந்திருக்கிறது! "ஆனா நீங்க வரமாட்டீங்க. சார் மட்டுந்தான் வருவாரு. இது மாதிரி மூணு மேனேஜர பாத்துட்டேன். குடும்பத்த மெட்ராசுல வுட்டுட்டு ஓட்டல்ல சாப்டு சாப்டு வயித்த கெடுத்துனு போனாங்க."

அந்த நேரத்தில் பாலத்தின் அந்தப் பக்கம் என் கணவரின் தலை தெரிந்தது. முகம் செங்கல்லாகச் சிவந்திருந்தது, சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது, கேரியரை மட்டும் சாயாமல் நேராகப் பிடித்திருந்தார். கேழ்வரகுக் களி, கருவாட்டுக் குழம்பு. முனுசாமி அவருக்கும் ஒரு மூடியில் வைத்துக் கொடுத்தார். "பிரமாதம்" என்று என் கணவர் மூன்று முறை சொன்னார். மூன்று முறையும் என் பக்கம் பார்க்கவில்லை.

பதினொரு மணிக்குள் இறங்கிவிட்டோம். மாலையில் சென்னைக்குத் திரும்பும் முன் ஒரு சோப்பு வாங்க பஜாரில் மளிகைக் கடைக்குப் போனேன். கல்லாவில் இருந்த செட்டியார் எழுந்தே நின்றுவிட்டார்.

"வெள்ளரிக்கா ரொட்டி அம்மா நீங்கதானே?"

"அதற்குச் சாண்ட்விச் என்று பெயர்."

"ஆமாமா, காதர் பாய் சொன்னாரு. பாவம் முனுசாமி" என்றார். சோப்போடு ஒரு சின்ன இஞ்சித் துண்டையும் வைத்தார். "சாருக்குக் குடுங்க. ரெண்டு தபா மல ஏறிக்கிறாரு, பச்ச வெள்ளரிக்கா செரிக்கணுமில்ல."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கேலி இருந்தது, கெட்ட எண்ணம் இல்லை. வாசலில் என் கணவர் நின்றார். காலையிலிருந்து அவர் மாற்றலைப் பற்றி ஒரு வார்த்தைகூட எடுக்கவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்.

"நாளைக்குச் சம்மதம்னு எழுதிக் கொடுங்க" என்றேன்.

"நிஜமாவா? தண்ணி?"

"கிணறு இருக்கு. ஒரு ஊரே என் சமையல் இதுதான்னு நினைச்சுக்கிட்டிருக்கு. நான் மெட்ராஸ்ல போய் உட்காரவா? ஜூன் மாசம் முனுசாமி குடும்பம் நம்ம வீட்டுல சாப்பிடணும். இலை போட்டு."

அவர் நடுத்தெருவில் சிரித்த சிரிப்பில் ஒரு சைக்கிள்காரர் இறங்கியே நின்றார். ஐந்து வருடம் அங்கே இருந்தோம். இலை போட்ட கணக்கைச் சொன்னால் தற்பெருமையாகிவிடும். செட்டியார் மட்டும் கடைசிவரை எனக்கு வைத்த பெயரை மாற்றவில்லை.

இனி போகிறவர்களுக்கு. கோடையில் காலையிலேயே ஏறுங்கள். பத்து மணிக்குமேல் பாறையில் கை வைக்க முடியாது. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், வேறு வழியில்லை. தொப்பியைவிடக் குடை நல்லது, பாலத்தில் மட்டும் மடக்கிக்கொள்ளுங்கள். குரங்குகள் உண்டு, பையைத் திறந்து வைக்காதீர்கள். இறங்கியதும் சாலையோரம் நுங்கு கிடைக்கும், குளிர்பானம் வாங்காதீர்கள்.

இன்னொன்று. என் கணவர் போய் ஒன்பது வருடமாகிறது. அதன்பின் ஒரு தடவை நான் தனியாக ராஜகிரி ஏறத் தொடங்கி, அம்மன் கோயிலோடு திரும்பிவிட்டேன். காரணம் வயது என்று பேரப்பிள்ளைகள் நினைக்கிறார்கள். வயதல்ல. அந்த மலைக்குத் தனியாகப் போகாதீர்கள். உங்களோடு எதற்கும் ஒத்துப்போகாத ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். பேசிக்கொண்டே ஏறினால் மூச்சு வாங்குவது தெரியாது.