டொக்டர் பாராட்டிய கை

பிள்ளைகளே, மூத்தவள் வாசித்து முடித்துச் சோபாவில் கவிழ்த்துப் போட்டிருந்த அந்தத் தடித்த புத்தகத்தை நானும் வாசித்துவிட்டேன். எனக்குப் பள்ளிப்படிப்பு குறைவு என்பது உங்களுக்குத் தெரியும். வேலைக்குப் போகும் ட்ராமில் கொஞ்சம், திரும்பி வரும்போது கொஞ்சம் என்று வாசித்ததில் குளிர்காலமே முடிந்துபோயிற்று. சுவீடன் நாட்டுக் கதையின் ஜெர்மன் மொழிபெயர்ப்பு. எங்கே பார்த்தாலும் பனி, உறைந்த ஏரி, ஏரிக்கரையில் ஒரு பெரிய வீடு. படகுக் கொட்டகையின் தரையைத் தோண்டும்போது ஒரு பெண்ணின் எலும்புகள் கிடைக்கின்றன. அவள் புருஷனை விட்டு ஓடிப்போனவள் என்றுதான் அந்தக் குடும்பம் ஊருக்குச் சொல்லி வந்திருக்கிறது. பொலிஸ்காரி ஒருத்தி வந்து ஒவ்வொருவராக விசாரிக்கிறாள். வீட்டில் இருந்த எல்லோருக்கும் முதலிலிருந்தே விஷயம் தெரியும் என்பது கடைசியில் வெளியே வருகிறது.

அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் மூத்தவள் சொன்னாள்: “எங்கட குடும்பத்தில இப்பிடி ஒண்டுமே இல்லையப்பா. நிலத்துக்குக் கீழ இருக்கிற கெல்லரைக் கிண்டினா பழைய சைக்கிளும் அரிசி மூட்டையும்தான் வரும்.”

“என்ர துலைஞ்ச பந்தும் வரும்,” என்றான் சின்னவன்.

நீங்கள் சிரித்தீர்கள். உங்கள் அம்மாவும் சிரித்தார். நான் இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொண்டேன்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். நேரில் இருந்து சொல்ல எனக்கு வராது. சனிக்கிழமைகளில் நீங்கள் முணுமுணுத்துக்கொண்டு போய்ப் படித்த தமிழ் இதற்குப் போதும். தெரியாத சொல் வந்தால் என்னிடம் கேளுங்கள். தெரிந்த சொல் என்று நினைத்தாலும் ஒருதரம் கேளுங்கள்.

சின்னம்மாவை உங்களுக்குத் தெரியும். என் அம்மாவின் தங்கை. பிறந்தநாளுக்கு வந்தால், இடது காது சுவர்ப்பக்கம் இருக்கும்படி பார்த்துத்தான் கதிரையில் இருப்பார். இடப்பக்கம் நின்று கூப்பிட்டால் திரும்பமாட்டார். ஏன் என்று நீங்கள் கேட்டபோது, சின்ன வயதில் ஊரில் வந்த காய்ச்சலில் காது போய்விட்டது என்று நான் சொன்னேன். என் அம்மா எல்லோருக்கும் அப்படித்தான் சொல்லி வந்தார். அதைக் கேட்டுக் கேட்டு எனக்கும் அதுவே வாயில் வந்தது. ஆனால் காய்ச்சல் ஒன்றும் வரவில்லை. காது போனது ஊரிலும் இல்லை.

எனக்கு அப்போது ஒன்பது வயது இருக்கும். டுசல்டோர்ஃப் நகரில், ரயில் பாதையோரம் இருந்த ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில் நாங்கள் இருந்தோம். எங்களுக்கு நேர் மேலே சின்னம்மாவும் சித்தப்பாவும் இருந்தார்கள். சில நாட்களில் மேலேயிருந்து கதிரை விழுவதுபோலச் சத்தம் வரும். பிறகு வேறு சத்தம் வரும். உடனே அம்மா எழுந்து போய் மிக்ஸியைப் போடுவார். அது ஓடும்போது வீடு முழுக்க அதிரும், வேறொன்றும் கேட்காது. தேங்காய்ச் சம்பல் வரப்போகிறது என்று நான் கோப்பையோடு மேசையில் காத்திருப்பேன். சம்பல் வராது. மிக்ஸிக்குள் ஒன்றும் இருக்காது.

சித்தப்பாவை நீங்கள் படத்தில் பார்த்திருக்கிறீர்கள். எல்லோருக்கும் பிடித்த மனிதர். தோடம்பழத்தின் தோலை அறுபடாமல் ஒரே சுருளாக உரித்து என் காதில் தொங்கவிடுவார். எனக்கு முதன்முதல் பந்தடிக்கும் சப்பாத்து வாங்கித் தந்தவர் அவர்தான். தெரிந்த தமிழ் ஆட்கள் யார் வீடு மாறினாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். உடுப்புத் தோய்க்கும் மெஷினைத் தனியாளாக முதுகில் ஏற்றிக்கொண்டு படியேறுவார். “கை குடுக்க ஆள் இல்லையெண்டால் எங்கட சகலனைக் கேளுங்கோ,” என்று அப்பா பெருமையாகச் சொல்லுவார். உண்மையைச் சொன்னால், எனக்கு அப்பாவைவிடச் சித்தப்பாவைத்தான் பிடிக்கும்.

அந்த வீட்டுக்கு ஜெர்மன் பேசும் வாய் நான்தான். பெரியவர்களில் சித்தப்பாவுக்கு மட்டும் ஏதோ சமாளிக்கத் தெரியும். மற்றவர்களுக்கு விசா அலுவலகமோ, வீட்டுச் சொந்தக்காரரோ, எங்கே போவதென்றாலும் நான் கூடப் போவேன். பெரிய ஆட்கள் நான் வாய் திறக்கும்வரை காத்துக்கொண்டு நிற்பார்கள். அது எனக்குப் பெரிய கர்வம்.

சின்னம்மாவைக் கூட்டிக்கொண்டு டொக்டரிடம் போவதென்றால் எப்போதும் சித்தப்பாதான் போவார், அவரே பேசுவார். அந்த வெள்ளிக்கிழமை அவருக்கு வேலை. “பஞ்சுக்குச்சி குத்திப்போட்டுது எண்டு சொல்லு, காணும்,” என்று காலையில் படியில் வைத்து என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். மத்தியானம் சின்னம்மா பள்ளிக்கூட வாசலுக்கு வந்தார். கம்பளித் தொப்பியைக் காதுக்குக் கீழே இழுத்துவிட்டிருந்தார். ட்ராமில் இடம் இருந்தும் இருக்கவில்லை, கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். தலை சுற்றுகிறது என்றார்.

டொக்டரின் காத்திருப்பறையில் குனிந்து என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

“தம்பி, நான் சொல்லுறதை அப்பிடியே சொல்லவேணும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. ஏலுமே?”

“ஓம் சின்னம்மா. ஒரு சொல்லும் விடமாட்டன்.”

“சித்தப்பா சொன்னதைச் சொல்லாதை. நான் சொல்லுறதைச் சொல்லு.”

பிறகு உதடு அசைய அசையத் தனக்குள் எதையோ சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டுப் போட்டிக்கு முன் பிள்ளைகள் செய்வதுபோல இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது.

டொக்டர் நரைத்த மீசைக்காரர், அன்பான மனிதர். விளக்கை நெற்றியில் மாட்டிக்கொண்டு காதுக்குள் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். செவிப்பறை கிழிந்திருக்கிறது என்றார். பஞ்சுக்குச்சி குத்தியதா, தண்ணீரில் குதித்ததா என்று கேட்டார். நான் தமிழில் கேட்டேன். சின்னம்மா இல்லையென்று தலையாட்டினார். டொக்டர் விளக்கைக் கழற்றி வைத்துவிட்டு, இன்னும் சில நாட்களுக்குத் தலை சுற்றும், விழுந்துவிடக் கூடாது, வீட்டில் யார் துணைக்கு இருக்கிறார்கள் என்றார்.

“சின்னம்மா, தலை சுத்தேக்க வீட்டில ஆர் நிக்கிறது எண்டு கேக்கிறார்.”

“அவர்தான்.”

தொப்பியை மடியில் வைத்துப் பிசைந்துகொண்டிருந்தார். பிறகு டொக்டரின் முகத்தை நேரே பார்த்துச் சொன்னார்.

“அவர் கை நீட்டுறவர். அதை டொக்டரிட்டைச் சொல்லு.”

பிள்ளைகளே, நீங்கள் இந்த இடத்தில் என்ன விளங்கிக்கொண்டீர்களோ தெரியாது. எனக்கு அன்று விளங்கியது இதுதான்: சித்தப்பா உதவிக்குக் கை நீட்டுகிறவர். அதைத்தானே வீடு மாறும் இடமெல்லாம் பார்த்திருக்கிறேன்? தமிழில் ஒருவர் மனைவிமேல் ‘கை நீட்டுகிறார்’ என்றால் அடிக்கிறார் என்று பொருள். எங்கள் வீட்டில் அந்தச் சொல் புழங்கியதில்லை. ‘அடி’ என்றால் எனக்குத் தெரிந்திருக்கும். ஆனால் சொந்தப் புருஷனைப் பற்றி, அதுவும் அக்காவின் பிள்ளையின் வாயால், அடி என்று சொல்லுவிக்கச் சின்னம்மாவுக்கு மனம் வரவில்லை. எங்கள் ஆட்கள் அப்படிப்பட்டதைச் சுற்றி வளைத்துத்தான் சொல்லுவார்கள்.

நான் வாக்குக் கொடுத்தபடி ஒரு சொல்லும் விடவில்லை. வீட்டில் அவருடைய கணவர் இருக்கிறார், அவர் கையை நீட்டுவார் என்று ஜெர்மனில் சொன்னேன். ஜெர்மனில் அதற்கு ஒரே பொருள்தான்: பிடித்துக்கொள்ளக் கை கொடுப்பார்.

டொக்டரின் முகம் மலர்ந்தது. மிக நல்லது, இப்படிப்பட்ட நேரத்தில் அதுதான் தேவை, தொடர்ந்து அப்படியே செய்யட்டும் என்று சொல்லிச் சின்னம்மாவைப் பார்த்துத் தலையசைத்தார்.

“அது நல்ல விசயமாம் சின்னம்மா. இனியும் அப்பிடியே செய்யட்டாம்.”

சின்னம்மா டொக்டரைப் பார்த்தார். அவர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். பிறகு சின்னம்மா என்னைப் பார்த்தார்.

“வடிவாக் கேட்டனியே?”

“ஓம். சிரிச்சுக்கொண்டுதானே சொல்லுறார், பாருங்கோவன்.”

தொப்பியை எடுத்து மெதுவாகத் தலையில் போட்டுக்கொண்டார்.

“சரி. நன்றியெண்டு சொல்லு.”

வரும் வழியில் எனக்கு ஜாம் வைத்த பணிஸ் ஒன்று வாங்கித் தந்தார். தனக்கு வாங்கவில்லை. ட்ராம் நிறுத்தத்தில் நிற்கும்போது, யாரிடம் என்றில்லாமல், “இந்த நாட்டிலயும் அப்பிடித்தான் போல,” என்றார். பணிஸைப் பற்றித்தான் சொல்கிறார் என்று நினைத்து, “இல்லைச் சின்னம்மா, இதில ஜாம் கூட,” என்றேன்.

மூத்தவளே, உன் புத்தகத்தில் ஓரிடத்தில் அந்த வீட்டுக் கிழவன் பொலிஸ்காரியிடம் சொல்கிறான்: ‘சில வேளைகளில் என் கை வழுக்கிவிடும்.’ ஜெர்மன்காரர்கள் அடித்ததை அப்படித்தான் சொல்லுவார்கள். வேலைத்தளத்தில் நானே எத்தனையோ தரம் கேட்ட பேச்சுத்தான். ஆனால் புத்தகத்தில் அதை வாசித்தபோது நான் இறங்கவேண்டிய நிறுத்தம் போய்விட்டது. எங்களுக்குக் கை நீளுகிறது, இவர்களுக்குக் கை வழுக்குகிறது. இரண்டு மொழியிலும் குற்றம் கையோடு நின்றுவிடுகிறது, ஆளிடம் போவதில்லை. டொக்டரின் அறையில் எனக்குத் தேவையாக இருந்த சொல் அதுதான். ஒன்பது வயதில் அது என்னிடம் இருக்கவில்லை.

போன மாதம் நான் தனியே சின்னம்மா வீட்டுக்குப் போனது உங்களுக்குத் தெரியும். குழாய் திருத்தப் போகிறேன் என்றேன். குழாயில் ஒரு பழுதும் இல்லை. அவருடைய வலப்பக்கம் இருந்து, டொக்டருக்கு நான் சொன்னது என்ன, டொக்டர் பாராட்டியது என்ன என்று முழுவதையும் சொன்னேன். சித்தப்பா இறந்தே எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. சின்னம்மா கடைசிவரை கேட்டார்.

“அப்ப அந்த மனுசன் அடிக்கிறது நல்லமெண்டு சொல்லேல்லை?”

“இல்லைச் சின்னம்மா.”

“நானும் பாத்தனான், நல்ல மனுசன் மாதிரித்தான் இருந்தவர்,” என்றார். பிறகு முந்தானையால் மேசையைத் துடைத்தார். மேசையில் ஒன்றும் சிந்தியிருக்கவில்லை. “அதுக்குப் பிறகு நான் ஒருத்தரிட்டையும் சொல்லேல்லையடா. டொக்டரே அப்பிடிச் சொன்னால் வேற ஆரிட்டைப் போறது?”

நான் புறப்படும்போது, “உன்ர பிள்ளையளுக்குச் சொல்லு. காய்ச்சல் கதை எனக்கும் அலுத்துப்போச்சு,” என்றார். அவரும் சொன்னபடியால் எழுதுகிறேன். அடுத்தமுறை வரும்போது அவரிடம் ஒன்றும் கேட்காதீர்கள். வலப்பக்கம் போய் இருந்து வழக்கம்போலக் கதையுங்கள்.

அன்று மாலை நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். வெள்ளிக்கிழமைகளில் எல்லோருக்கும் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. சித்தப்பா வேலை முடிந்து நேரே வந்தார். ஜாக்கெட்டை வாசல் நடையில் கொழுவிவிட்டு என் தலையைத் தடவினார்.

“என்ன, மொழிபெயர்ப்பாளர் ஐயா, டொக்டர் என்னவாம்?”

இதற்காகத்தான் நான் காத்திருந்தேன்.

“உங்களைத்தான் புகழ்ந்தவர் சித்தப்பா! நீங்கள் கை நீட்டுறவர் எண்டு சின்னம்மா சொல்லச் சொன்னவ. நான் சொன்னன். அது நல்லதாம், தொடர்ந்து செய்யட்டாம்!”

பருப்பு அகப்பை அம்மாவின் கையில் அப்படியே நின்றது. அப்பா கோப்பையைப் பார்த்தார். சின்னம்மா சுவரைப் பார்த்தார். அந்த மேசையில் தமிழ் நன்றாகத் தெரிந்த பெரியவர்கள் நாலு பேர் இருந்தார்கள். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சுவீடன் வீடு ஞாபகம் வருகிறது.

முதலில் சிரித்தவர் சித்தப்பாதான். “பாத்தீங்களே அண்ணை, டொக்டரே சொல்லிப்போட்டார்,” என்றார்.

“சாப்பிடுங்கோ, சாப்பிடுங்கோ. ஆறப்போகுது,” என்றார் அப்பா.

சாப்பிட்டார்கள். முடிந்ததும் சித்தப்பா எழுந்தார். “வா,” என்றார். சின்னம்மா தன் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு, அம்மாவை ஒருதரம் பார்த்துவிட்டு, அவருக்குப் பின்னால் படியேறினார். ஜாக்கெட்டை எடுக்கச் சித்தப்பா மறந்துபோனார்.

கொஞ்ச நேரத்தில் அம்மா மிக்ஸியைப் போட்டார். எல்லோரும் சாப்பிட்ட பிறகு சம்பல் எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. நான் நல்ல செய்தி கொண்டுவந்தும் ஏன் ஒருவரும் என்னைப் பாராட்டவில்லை என்பதும் விளங்கவில்லை. வாசல் நடைக்கு வந்தேன். அங்கே யாரும் இல்லை. சித்தப்பாவின் ஜாக்கெட் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் வெறும் கையின் நுனியைப் பிடித்து, ஜெர்மன்காரர்கள் வாழ்த்துச் சொல்லும்போது செய்வதுபோல், நன்றாகக் குலுக்கினேன்.