இடியப்பம் முடிவதற்குள் நீர்வீழ்ச்சியைப் பூட்டிவிட்டார்கள்

கனடாவிலிருந்து வந்த அண்ணன் குடும்பத்துக்கு மலையிடுக்கில் விழும் நீர்வீழ்ச்சியைக் காட்டுவதற்காக, முதியோர் இல்ல வேலையில் கெஞ்சிக் கூத்தாடி இன்று லீவு எடுத்தேன்.

நான் வசிக்கும் ஓல்டனிலிருந்து காலை ஏழு மணிக்குப் புறப்படுவதாகத் திட்டம். அண்ணி இடியப்பம் அவித்து, சொதி வைத்து, கோழிக்கறியும் கட்டி முடிக்க மத்தியானம் இரண்டு மணி.

நாலேகாலுக்குப் போய்ச் சேர்ந்ததும் கார் பார்க்கிலேயே சட்டிகளைத் திறந்துவிட்டார்கள்.

"அண்ணை, ஐஞ்சு மணிக்குப் பூட்டிப்போடுவினம். முதல்ல பாத்திட்டு வருவம்."

"நீர்வீழ்ச்சி எங்க போகப்போகுது? சாப்பாடு ஆறுதெல்லோ!"

சாப்பிட்டு, தேத்தண்ணியும் குடித்து வாசலுக்குப் போனால், டிக்கெட் கொடுக்கும் பெண் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார். நாளைக் காலை வரச் சொன்னார். நாளைக் காலை இவர்களுக்கு விமானம்.

உள்ளே தண்ணீர் விழும் சத்தம் மட்டும் நன்றாகக் கேட்டது.

அண்ணனுக்குக் கவலையே இல்லை. "எல்லாரும் இதில நில்லுங்கோ, ஒரு படம் எடுப்பம்."

நீங்கள் எல்லோரும் சற்றுமுன் முகநூலில் இதயம் போட்டது அந்தப் படத்துக்குத்தான். எங்களுக்குப் பின்னால் கொட்டுவது நீர்வீழ்ச்சி இல்லை, வாசலில் இருந்த விளம்பரப் பலகை.

ஓரத்தில் உம்மென்று நிற்பது நான். ஏன் என்று ஒருவராவது கேட்டீர்களா?